பாதி நீர்க்காகம்

"உன்கிட்ட ஒண்ணு கேட்கணும், ஆயுன்."

"வீட்டு விஷயமா, வேலை விஷயமா?"

"வேலை விஷயம்தான்."

"அப்போ வாயை மூடிக்கோ. ரெண்டு பேருமே கையெழுத்துப் போட்டிருக்கோம். உன் கேமரா அறையைப் பத்தி நான் கேட்டேனா? என் மேசையைப் பத்தி நீயும் கேட்காத. கல்யாணம் பண்ணிக்கிட்டது சேர்ந்து வாழ. சேர்ந்து ஜெயிலுக்குப் போக இல்ல."

போமிங் சிரித்துக்கொண்டே நூடுல்ஸ் கிண்ணத்தை நீட்டினார். அப்போது அவர்களுக்குக் கல்யாணமான புதிது. ஷாங்காயில் அந்த ஸ்டூடியோ, மசி ஓவியங்களைத் திரையில் நடமாட வைத்துக்கொண்டிருந்த காலம். தாளில் கசிந்து பரவிய ஒரு பறவை எப்படி எழுந்து பறக்கிறது என்பது வெளியே போகக் கூடாத ரகசியம். ஆளுக்கொரு துண்டு வேலை. அடுத்தவர் மேசையை எட்டிப் பார்த்தாலே விசாரணைதான்.

ஆயுன் கண்ணாடித்தாள்களில் மசி வைப்பாள். ஒரே பறவையின் வெளிர்சாம்பல் ஒரு தாளில், கருமை வேறொரு தாளில், அலகும் கண்ணும் இன்னொன்றில். அந்தத் தாள்கள் பூட்டிய அறைக்குள் போகும். உள்ளே போமிங் என்ன செய்வாரோ, திரையில் வரும்போது அது ஒரே வீச்சில் வரைந்த ஈரப் பறவையாக இருக்கும்.

தாள்கள் எல்லாம் கடைசியில் அவரிடம்தானே போய்ச் சேர்ந்தன? அவருக்கு எல்லாமே தெரியும் என்றுதான் ஆயுன் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இப்போது அவளைத் தூங்கவிடாததும் அதே நினைப்புதான்.

காரணம், தெங் காய். மகள் ரூய்லின் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையன். கம்ப்யூட்டரில் மசி ஓவியப் படம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. ரூய்லின் பல் டாக்டர். இவ்வளவு பெரிய ஊரில் இவனுக்கு வேறு பெண்ணே கிடைக்கவில்லையா? தேடிப் பிடித்த மாதிரி ஒரு கேமராக்காரருக்கும் மசிக்காரிக்கும் பிறந்தவளையா பிடிக்க வேண்டும்?

அதோடு விட்டதா? சில மாதங்களாகப் போமிங் புதன்கிழமை தவறாமல் சதுரங்கம் ஆடப் போகிறேன் என்று ஒரு துணிப்பையோடு கிளம்பினார். திரும்பி வரும்போது நகக்கண்ணில் கறுப்பு. சதுரங்கக் காய்க்கு எந்த ஊரில் மசி பூசுகிறார்கள்? போன வாரம் மார்க்கெட்டில் அவருடைய சதுரங்கக் கூட்டாளியே அவளை நிறுத்தி, "உங்க வீட்டுக்காரர் உடம்புக்கு முடியாம இருக்காரா? ஆளையே காணோமே" என்று விசாரித்தார். நேற்று, பாத்திரம் தேய்க்க வைத்திருந்த புது பீர்க்கங்கூடும் காணாமல் போயிருந்தது.

பீர்க்கங்கூடு! ஸ்டூடியோவில் அவள் மேசையில் எப்போதும் இருந்த சாமான் அது. கிழவர் ரகசியத்தை விற்றுவிட்டார். மகளைக் காட்டி அந்தப் பையன் வாங்கிவிட்டான்.

அந்தப் பையன்தான் இன்று சாப்பிட வருகிறான். சம்பந்தம் கேட்க. சாப்பாடு முடிவதற்குள் அவள் சரி என்றோ முடியாது என்றோ சொல்லியாக வேண்டும்.

தெங் காய் வைக்கோல் கயிற்றில் கட்டிய, காலெல்லாம் ரோமம் அடர்ந்த நண்டுகளோடு வாசலில் நின்றான். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டுப் படியேறும் பையனை ஷாங்காய்க்காரர்கள் ரோமக்கால் மாப்பிள்ளை என்றுதான் கிண்டல் செய்வார்கள். ஆயுன் விடுவாளா?

"வாப்பா. நண்டுக்கும் ரோமக்கால், உனக்கும் ரோமக்கால். எதை முதல்ல வேகவைக்கலாம்னு யோசிக்கிறேன்."

"நண்டுக்கே முதல் மரியாதை பண்ணிடுங்க அத்தை" என்றான் அவன்.

வாய் இருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டாள். அவன் உள்ளே வந்து போமிங்கைக் கும்பிடாத குறையாக வளைந்து, "மாமா, கழுத்து வலி தேவலையா?" என்றான்.

போமிங் டீக்கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"அப்பாவுக்குக் கழுத்து வலியா? எனக்கே தெரியாதே" என்றாள் ரூய்லின்.

"எனக்கும்தான் தெரியாது" என்றாள் ஆயுன். "இன்னிக்குத்தான் முதல்முதலா பார்க்கிற பையனுக்குத் தெரிஞ்சிருக்கு. நல்ல ஜோசியன்தான்."

நண்டு வெந்தது. இஞ்சி, காடி, சூடான மஞ்சள் மது எல்லாம் மேசைக்கு வந்தன. ஒருவரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முதல் நண்டின் ஓட்டைப் பிரிப்பதற்கு முன்பே ஆயுன் ஆரம்பித்துவிட்டாள்.

"என்னமோ படம் பண்றியாமே. எங்களுக்கும் காட்டேன்."

தெங் காய் போமிங்கைப் பார்த்தான். போமிங் கூரையைப் பார்த்தார். பையன் கையைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

விடியாத ஆறு. மூங்கில் தெப்பம். அதன் நுனியில் ஒரு நீர்க்காகம். பனி கசிந்து மலையைத் தின்றுகொண்டிருந்தது. அந்தக் கசிவு அவளுக்குத் தெரியும். பூட்டிய அறைக்குள்ளிருந்து மட்டுமே வந்துகொண்டிருந்த கசிவு அது. ஆக, சந்தேகமே இல்லை.

நீர்க்காகம் முங்கியது. எழுந்தது. இறக்கையை விரித்து உதறியது.

ஆயுன் முன்னால் குனிந்தாள்.

"திரும்பப் போடு."

அவன் போட்டான். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இறகு ஏன் இப்படி மொழுமொழுன்னு இருக்கு? ரெயின்கோட் மாட்டிவிட்ட மாதிரி?"

பையன் முகம் தொங்கிப்போயிற்று. "அது ஒண்ணுதான் வரமாட்டேங்குது அத்தை. ஈரமா வருது, மென்மையா வருது, காய்ஞ்ச மசியோட சொரசொரப்பு மட்டும் வரல. மாமாவும் எவ்வளவோ..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மாமாவும்?"

ஆயுன் எழுந்தாள். அலமாரிக்குப் பின்னாலிருந்த துணிப்பையை எடுத்து வந்து சோபாவில் கொட்டினாள். பல் போன டூத்பிரஷ், பாத்திரம் தேய்க்கும் கம்பிச்சுருள், பன்றிமுடிக் கட்டை, ஒற்றைக் காலுறை, துண்டு துண்டாக வெட்டிய பீர்க்கங்கூடு. கூடவே, விதவிதமான கறுப்புத் தீற்றல்கள் அப்பிய காகிதங்கள். எல்லாமே தப்பான தீற்றல்கள்.

"தீற்றலைப் போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தினா அதையே தூரிகையா வெச்சு வரையலாம்" என்றார் போமிங் மெதுவாக. "நான் வேவு பார்க்கத்தான் போனேன், ஆயுன். நம்ம பொண்ணுகிட்ட பழகறவன் எப்படிப்பட்டவன்னு. கம்பெனி வாசல்ல திருடன் மாதிரி நின்னேன். இவன் உள்ள கூப்பிட்டு டீ கொடுத்தான். திரையைப் பார்த்தேனா, அப்புறம் நகர முடியல. நான் அப்போ ஒரே ஃபிலிமைத் திரும்பத் திரும்பச் சுத்தி, ஒவ்வொரு தாளா எடுப்பேன். ஒரு தாள் நழுவினா முழுசும் குப்பை. இவன் அடுக்கு அடுக்கா வெக்கிறான், பிடிக்கலைன்னா தட்டி எடுத்துடறான். பொறாமையா இருந்துச்சு. என் பாதியைச் சொல்லிட்டேன்."

"என் பாதியையும் சேர்த்துத்தானே?"

"தெரிஞ்சாத்தானே சொல்ல!"

"எல்லாத் தாளும் உன்கிட்டதானே வந்துச்சு?"

"தாள் வந்துச்சு. உன் கையா வந்துச்சு? சாயங்காலம் உன் சட்டைக் கையில பீர்க்கங்கூட்டு நார் ஒட்டியிருக்கும். நான்தானே எடுத்துவிடுவேன். அதாலதான் இறகு போடறேன்னு நினைச்சுட்டேன். மாசக்கணக்கா ஒத்தி ஒத்திக் கழுத்து போனதுதான் மிச்சம்."

ஆயுனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பீர்க்கங்கூடு கை கழுவ. இறகு ஒத்தி ஒத்தி மசி ஏறிய உள்ளங்கை ஓரத்தை அதைக் கொண்டுதான் தினமும் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பாள். மடியில் கிடந்த வலது கையை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே ரேகைகள் முன்னைவிட ஆழமாக ஓடின.

"ஒரு நிமிஷம்" என்றாள் ரூய்லின். "காய், உண்மையைச் சொல்லு. எங்கப்பா யாருன்னு உனக்கு எப்போ தெரியும்?"

"வாசல்ல வந்து நின்னாரே, அன்னிக்குத்தான். அப்பா ரிட்டயர்டு போட்டோகிராபர்னுதானே நீ சொன்ன? பாஸ்போர்ட் போட்டோ எடுக்கறவர்னு நினைச்சேன்."

"எனக்கே அவ்வளவுதான் தெரியும்! அம்மா ஏதோ தாளுக்கு வண்ணம் பூசுவாங்கன்னு தெரியும். இந்த வீட்ல யார் எதைச் சொன்னாங்க?"

அது நிஜம். பெற்ற மகளுக்கே சொல்லாததை மகள் எங்கே போய் உளறியிருக்க முடியும்? பையன் அவளுக்காகத்தான் வந்திருக்கிறான். ஆயுன் தட்டிலிருந்த நண்டுகளைப் புரட்டிப் பார்த்து, சினை நிறைந்த பெட்டையாகத் தேர்ந்து தெங் காயின் கிண்ணத்தில் வைத்தாள்.

"ஆறிடப்போகுது, சாப்பிடு. அடுத்த தடவை வரும்போது கையில நண்டு வேண்டாம். உங்க அம்மா அப்பாவைக் கூட்டிட்டு வா."

ரூய்லின் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தது எல்லாருக்கும் தெரிந்தது.

ஆயுன் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏன் கிழவா, இத்தனை பாடு பட்டதுக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன?"

"கேட்காதன்னு சொன்னது யாரு?"

"எப்போ சொன்னேன்?"

"கல்யாணமான புதுசுல. நூடுல்ஸ் சாப்பிடும்போது. வாயை மூடிக்கோன்ன. நானும் மூடிக்கிட்டேன்."

அவளுக்கு அது நினைவிருந்தது. அன்று நூடுல்ஸில் வெங்காயத்தாள் கருகிப்போனதுகூட நினைவிருந்தது. அவர் எதைக் கேட்க வந்தார் என்பதை மட்டும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

போமிங் விரல் விரலாகக் கையைத் துடைத்தார். நண்டு ஓடுகளை ஒதுக்கிவிட்டு, கறுப்புத் தீற்றல் படாத ஒரு காகிதத்தை அவள் முன்னால் விரித்தார்.

"இப்போ கேட்கறேன், ஆயுன். அந்த இறகை உன் மேசைல எப்படிப் போட்டே? எனக்கு ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டு."