கட்டை வீட்டில் அழுத பொம்மை

அந்தப் பள்ளியில் பாடம் கிடையாது, கரும்பலகை கிடையாது, மணிகூடக் கிடையாது. பிள்ளைகள் நாள் முழுக்க விளையாடுவார்கள். அதுதான் அங்கே படிப்பு. மாதம் ஒரு முறை வீட்டிலிருந்து ஒரு பெரியவர் போய்ப் பிள்ளையோடு விளையாட வேண்டும். இந்த முறை மகனுக்கும் மருமகளுக்கும் ஒரே நாளில் வேலை வந்து விழ, "நீங்க போறீங்களாப்பா?" என்று மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான். போகாவிட்டால் பேத்தி ஆளில்லாமல் நிற்பாள். குடும்பத்துக்கு அது அழகில்லை. ஓய்வு பெற்ற சர்வேயர் இஸ்திரி கலையாத சட்டையில் கிளம்பினார்.

செருப்பைக் கழற்றும்போதே ஆசிரியை விதியைச் சொல்லிவிட்டாள்.

"தரையில உக்காரணும் ஐயா. பிள்ளைங்க சொல்றதுதான் சட்டம். திருத்தக் கூடாது, நோண்டி நோண்டிக் கேக்கக் கூடாது."

"காலமெல்லாம் நிலத்த அளந்தவன்மா நான். கேட்டுக் கேட்டுத்தான் பழக்கம்."

"அந்தப் பழக்கத்துக்கு இன்னிக்கு ஒரு நாள் லீவு குடுங்க."

முட்டி இரண்டும் முறையிட, அவர் தரையில் அமர்ந்தார்.

நான்கு வயதுப் பேத்தியை வீட்டில் சில்லு என்று கூப்பிடுவார்கள். சில்லு மரக்கட்டைகளை அடுக்கி ஒரு வீடு கட்டியிருந்தாள். கூரை இல்லை. மேலிருந்து பார்த்தால் எல்லா அறையும் பளிச்சென்று தெரிந்தது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் நடப்பது வெளியே தெரிந்தால் அதற்குப் பெயர் வீடா?

"இது அம்மா. இது நான்." ஓர் அறையில் துணிப் பொம்மையையும் பஞ்சு நாய்க்குட்டியையும் படுக்க வைத்தாள். அப்பாவுக்கு நீளமான மரப்பொம்மை. அதை அந்த அறைக்குள் வைக்கவில்லை. கூடத்தில், இன்னோர் அறை வாசலில் குறுக்காகக் கிடத்தி, துணியால் போர்த்தினாள்.

"அப்பா ஏன் வெளியில?"

"அங்கதான் படுப்பாரு."

"தினமுமா?"

"ம்."

அவருக்கு வீட்டுக் கூடத்து சோபாவுக்குப் பின்னால் சுருட்டிச் செருகியிருந்த மெத்தை நினைவுக்கு வந்தது. விருந்தாளிக்கு என்று நினைத்திருந்தார். விருந்தாளி யாரும் வரவில்லையே. கொஞ்ச நாளாகவே மருமகளுக்குக் கண் வீங்கியிருந்தது. கேட்டால், "தூக்கம் சரியில்ல மாமா" என்பாள். மகன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு டீயைக் குடிப்பான். இருவரும் பேசிக்கொள்வதும் குறைந்திருந்தது. மகனின் குடித்தனம் இரண்டாகிறதா? அது ஊருக்கே தெரிந்த பிறகுதான் தனக்குத் தெரிய வருகிறதா?

பக்கத்தில், அவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் வங்கிக்காரி தன் மகன் சமைத்த மணலை ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் சும்மா இருக்காத பெண்.

"என்ன சார், உங்க வீட்டுல அப்பாவ வெளிய தள்ளிட்டாங்களா?"

"இடம் பத்தலம்மா. கட்டை தீந்துபோச்சு."

சொல்லிக்கொண்டே அப்பா பொம்மையை எடுத்து அம்மா பொம்மை பக்கத்தில் வைத்தார். சில்லு அதைத் திரும்ப வாசலில் போட்டாள். அவர் மறுபடி எடுத்தார்.

"தாத்தா, உங்களுக்கு விளையாடத் தெரியல."

வங்கிக்காரி சிரிப்பை மணலோடு சேர்த்து விழுங்கினாள்.

அவர் சுவரைப் பிடித்து எழுந்து ஆசிரியையிடம் போனார். "இந்தப் பிள்ள எப்பவும் இப்படித்தான் விளையாடுதா?"

"கொஞ்ச நாளா அந்த வீடுதான் ஐயா."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் நாங்க சொல்றதில்ல."

"அப்ப அது பொய்யி."

"அப்படியும் சொல்ல மாட்டோம்."

அவர் விழித்தார். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருவன் நிலம், அந்தப் பக்கம் இன்னொருவன் நிலம். இரண்டிலும் சேராத நிலத்தை அவர் எந்த வரைபடத்திலும் பார்த்ததில்லை.

"சரி, அதக் கலைச்சிடலாமா?"

"பிள்ளைங்க கட்டினத நாம கலைக்கறதில்ல ஐயா. சாயங்காலம் வர்ற வீட்டுக்காரங்க எல்லாரும் பாப்பாங்க."

எல்லாருமா. அவர் அவசரமாகத் திரும்பி வந்தார். அதற்குள் அந்த இன்னோர் அறைக்குள் ஒரு குட்டிப் பொம்மை வந்து படுத்திருந்தது. மொட்டைத் தலை. சில்லு அதற்காக வாயைக் கோணி அழுதாள். உடனே வாசலில் கிடந்த அப்பா எழுந்து உள்ளே போய், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து படுத்தார்.

சர்வேயர் இன்னும் குழம்பினார். வீட்டில் கைக்குழந்தை ஏது? ஒருவேளை இனிமேல்தான் வரப்போகிறதா? அப்படியானால் அது நல்ல சேதிதானே, அதற்கு ஏன் தனித்தனியாகப் படுக்க வேண்டும்?

"பாப்பா ஏன் அழுவுது?"

"இது பாப்பா இல்லயே."

"பின்ன யாரு?"

"நீங்க."

அவர் பொம்மையைப் பார்த்தார். பிறகு தன் தலையைத் தடவிக்கொண்டார்.

"நான் எங்க அழறேன்?"

"தூக்கத்துல. அம்மா அம்மான்னு சத்தமா கூப்பிடுவீங்க. நாங்க எல்லாரும் எந்திரிச்சிடுவோம். அப்பா தட்டினா தூங்கிடுவீங்க. தட்டுறதுக்குத்தான் அங்க படுத்திருக்காரு." குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு."

மகன் குடித்தனம் முழுசாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி வந்த கையோடு வேறொன்று வந்து அதை மூடியது. தாய் செத்து எத்தனையோ காலம் ஆகிறது. கனவு வந்ததாகக்கூட அவருக்கு நினைவில்லை. நினைவில்லாத ஒன்றை ஒப்புக்கொள்வதா, மறுப்பதா? பிள்ளை பொய் சொல்லாது. ஆனால் இது விளையாட்டு.

மணல் கரண்டி பாதியில் நின்றிருந்தது. "அந்தக் குட்டி யாரு சார்?" என்றாள் வங்கிக்காரி.

எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது. சில்லு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ள யாருன்னு சொல்லுதோ அவருதாம்மா," என்றார். "இங்க திருத்தக் கூடாதாமே."

பிறகு குனிந்து பேத்தியின் காதருகே கேட்டார். "அப்பாவ அம்மாகிட்ட அனுப்பிடலாமா? பாவம், முதுகு வலிக்கும்."

"அப்புறம் தாத்தா அழுதா யாரு வருவா?"

அவர் சட்டைப்பையிலிருந்து மடிப்புக் குலையாத கைக்குட்டையை எடுத்தார். விரித்து நான்காக மடித்து, வாசலில் கிடந்த பொம்மைக்கு அடியில் மெத்தையாக வைத்தார். சில்லு ஒப்புக்கொண்டாள்.

மாலையில் மகன் வந்தான். கட்டை வீட்டைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது.

"ஏதோ விளையாடியிருக்காப்பா."

"ஆமா. விளையாட்டுத்தான்."

தெருவில் சில்லு இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடுவில் துள்ளினாள். கொஞ்ச தூரம் போனதும் அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"அந்த மெத்த ரொம்ப மெலிசு. நல்லதா ஒண்ணு வாங்கு."

"எந்த மெத்தப்பா?"

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். உண்மையிலேயே புரியாத முகமா, புரியாதது போன்ற முகமா, அவரால் அளக்க முடியவில்லை. திருத்தாமல் நடந்தார்.