மூன்றாவது மணி

1

“கதவத் தெறய்யா—”

“ஷிஃப்டுக்கு நேரமாச்சு. கூழு உள்ளயே வச்சிருக்கேன், குடி—”

“எனக்கெதுக்குக் கூழு? கீழ என் தம்பி தட்டறான்—”

“கீழ ஒருத்தனும் இல்ல வெங்கடம்மா! சுரங்கத்துல வேட்டு வைக்கிறாங்க, தரை அதிருது—”

“வேட்டு இன்னா மூணு மூணாவா வைப்பாங்க?”

இந்தச் சண்டை எனக்கு ஒரு தாழ்ப்பாளிலிருந்து கேட்டது. தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் நான் வாடகைக்கு இருந்த பழைய வீட்டில், உள்ளறைக் கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள். கை பட்டுத் தேய்ந்த இரும்பு. உள்ளே யார் இருந்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. எனக்குக் கதை பேச்சாகத்தான் வரும். காதில் விழுந்ததை எழுதிவிட்டு அப்புறம் ஆளைத் தேடுவேன்.

தேடினேன். 1903. வெங்கடம்மாவின் புருஷன் சின்னசாமி, சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டின் வாயில் பெல்காரன். கீழிருந்து வரும் மணியை எண்ணி, ஆளேற்றும் கூண்டான கேஜை நகர்த்தச் சொல்பவன். ஒன்று, நிறுத்து. இரண்டு, இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறுகிறது. கல்யாணமான புதிதில் பெண்டாட்டிக்கு இதை விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். பாறை சரிந்து அவள் தம்பி பெருமாள் உள்ளேயே புதைந்துபோனான். மறுமாதம் அவள் ஷாஃப்டுக்கு ஓடி தம்பியை ஏற்றச் சொல்லி மணிக்கயிற்றை மூன்று தரம் இழுத்தாள். [கேஜ் கிளம்பியதா? கிளம்பினால் கால் நசுங்க ஒருவன் வேண்டும். வேண்டாம்.] அன்றிலிருந்து தாழ்ப்பாள்.

2

சின்னசாமியை முதலில் குடிகாரனாக்கினேன். ‘சாராயக்கடை வாசலில் அவன்...’

“இன்னாம்மா எழுதறே? நான் எப்பக் குடிச்சேன்?” என்று என்னையே கேட்டான்.

“அப்ப ஏன் பூட்டினே?”

“திரும்பக் கயிறத் தொட்டா ஜெயிலு. இங்கன்னா நான் கூழு ஊத்தறேன்.”

“பெருமாள் அன்னைக்கு மணி அடிச்சானா?”



“ரெண்டு வந்துச்சு. மூணாவதுக்குக் காத்துக்கினு இருந்தேன். வரல. அத இவகிட்ட சொல்லித் தொலைச்சேன்.”

குடிகாரனைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அவன் கெட்டவனாய் இருந்திருந்தால் எனக்குச் சுலபம்.

எழுதிப் பார்த்த முடிவுகள்: பாறையைத் தோண்டிப் பெருமாளை எடுக்கிறார்கள், அவள் அழுது தெளிகி— (பொய். மூடினதை யார் தோண்டினார்கள்?) பெங்களூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு— (அங்கேயும் தாழ்ப்பாள் வெளியேதான்.) 

இன்னொன்று: கரண்டிக் காம்பால் தரையைத் தட்டித் தம்பிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒருநாள் தட்டுவதை நிறுத்தினாள். பேச்சும் நின்றது. “தெளிஞ்சிட்டா!” என்று பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவிடம் சொல்லிச் சிரித்தான் சின்னசாமி. தாழ்ப்பாளை நீக்கினான்.

“வா வெங்கடம்மா, வெளிய வா.”

நான்கு தடவை இந்த வரியை எழுதிப் பார்த்துவிட்டேன். வரமாட்டேன் என்கிறாள். தரையில் காதை ஒட்டிக் கிடக்கிறாள். அவன் தோளைத் தொட்டதற்கு, “உஷ். ரெண்டு வந்துடுச்சு” என்கிறாள்.

நானும் இந்தக் கதைக்கு அந்த இரண்டு மணிபோல இரண்டு எண் போட்டிருக்கிறேன், இப்போதுதான் பார்க்கிறேன். முடிவு என்னிடம் இல்லை. அடுத்த எண்ணை மட்டும் போடுகிறேன். யாராவது ஏறி வந்தால் வாசிக்கிறவர்கள் அவளுக்குச் சொல்லுங்கள்.

3

“என் தம்பியோட மூணு கேட்டுச்சில்ல? கேஜ ஏன் இன்னும் ஏத்தல?”