கண்ணை மூடச் சொன்ன முகாம்

மே மாத வெயிலில் ஆசிரியர்களை வீட்டில் சும்மா விட்டுவைத்தால் கெட்டுப்போய்விடுவார்கள் என்று கரஸ்பாண்டென்ட் அரிகிருஷ்ணனுக்குத் தோன்றிவிட்டது. தாம்பரத்தில் அவர் நடத்தும் பள்ளியின் டீச்சர்கள் அத்தனை பேரையும் பஸ்ஸில் ஏற்றி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு ரிசார்ட்டில் இறக்கினார். கோடைப் புத்துணர்வு முகாமாம். குத்துவிளக்கை ஏற்றியதுமே தமக்கு வேண்டிய புத்துணர்வு வந்துவிட்டதால், அவர் ஏசி காரில் திரும்பிப் போய்விட்டார்.

கணக்கு டீச்சர் மெஹர் பானுதான் அங்கே எல்லாரையும்விட பலமாகக் கை தட்டினாள். பயிற்சியாளர் தேவானந்தம், "நீங்கள்லாம் மெழுகுவர்த்தி" என்றதற்கும் தட்டினாள். பலூன் ஊதச் சொன்னபோது முதல் ஆளாக ஊதினாள். காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்ட அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் இன்னும் பள்ளி பீரோவில் கிடந்தன. காட்டாங்குளத்தூரில் வேறொரு பள்ளியில் வேலை கிடைத்து, ஒரிஜினலோடு திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். பாஸ்போர்ட்டுக்கு வேண்டும் என்று பிரின்சிபால் தையல்நாயகியிடம் புளுகி வைத்திருந்தாள். "கேம்ப் முடியட்டும், பாக்கலாம்" என்று பதில். விட்டுப் போகிறாள் என்று தெரிந்தால் போதும், சர்டிபிகேட் அடுத்த கோடை வரை பீரோவிலேயே புத்துணர்வு பெறும்.

சாப்பாடு முடிந்ததும் தேவானந்தம் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. நானும் மூடிக்கிறேன். இந்த ஸ்கூலை விட்டுப் போகணும்னு நெனைக்கிறவங்க மட்டும் கையைத் தூக்குங்க. யாரும் பாக்க மாட்டாங்க."

பிரேயரில் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, எவன் திறந்திருக்கிறான் என்று தேடியே பிழைப்பை ஓட்டும் கூட்டத்திடம் இதைச் சொன்ன மனிதருக்குத் தனியாக ஒரு பொன்னாடை போர்த்தலாம். பிரின்சிபால் நோட்டம் விடுகிறாரா என்று பார்க்க மெஹர் பானு ஒரு கண்ணைத் திறந்தாள். வட்டம் முழுக்க ஒற்றைக் கண்கள். ஒரே ஒரு கைதான் மேலே இருந்தது.

கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தக் கையைத் தூக்கி நின்றவர் தையல்நாயகி. வகுப்புப் பக்கம் போய்ப் பல வருஷமாகிவிட்டது, பாவம், பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"ஒரு கைகூட மேல போயிருக்காது, எனக்குத் தெரியும்!" என்றார் தேவானந்தம். எல்லாரும் கை தட்டினார்கள்.

டீ நேரத்தில் மெஹர் பானு பயந்துகொண்டேதான் பிரின்சிபாலிடம் போனாள்.

"மேடம், எனக்குப் பாஸ்போர்ட் எல்லாம் வேணாம். வேற ஸ்கூல் கிடைச்சிருக்கு. அப்புறம்... நீங்க கை தூக்கினதை எல்லாரும் பாத்துட்டோம்."

தையல்நாயகியின் டீ டம்ளர் பாதியில் நின்றது.

"ஒருத்தர்கூடவா கண்ணை மூடல?"

"பழக்கம் மேடம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை கரஸ்பாண்டென்ட் சார் ஊர்ல இல்ல. பீரோ சாவி என்கிட்டதான் இருக்கு. வந்து எடுத்துக்கோங்க. என்னோட ஒரிஜினலும் அதுலதான் இருக்கு."

"சாவியை வெச்சுக்கிட்டு ஏன் மேடம் இத்தனை வருஷம் எடுக்கல?"

"எடுத்துட்டு எங்க போறது?" என்றார் தையல்நாயகி. "உங்க புது ஸ்கூல்ல பிசிக்ஸுக்கு ஆள் எடுக்கறாங்களான்னு கேளுங்களேன். பிரின்சிபால் எல்லாம் வேணாம், டீச்சராவே போதும்."