முந்திரி இல்லாத விருந்து

மகளின் கல்யாண வேலைகளைப் பங்கு போட்டபோது லிஃப்ட் மெக்கானிக்கின் பங்குக்கு வரவேற்பு விருந்து வந்து சேர்ந்தது. துணிமணி, அழைப்பிதழ், மண்டபம் எல்லாவற்றையும் மனைவி தன் தலையில் போட்டுக்கொண்டாள். “உங்களுக்குச் சாப்பாடு ஒண்ணுதான். அதையாவது உருப்படியா பாருங்க” என்று ஒரு நோட்டை அவர் கையில் திணித்தாள்.

அந்த ஒன்று அவர் தூக்கத்தைத் தின்றது. லிஃப்டைப் பழுது பார்த்து முடித்துவிட்டுத் தெருமுனை வரை போனவர், திரும்பி வந்து கதவை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதரிடம் நானூறு பேரின் வயிற்றை ஒப்படைத்தால் என்ன ஆகும்? நோட்டில் எழுதுவார், அடிப்பார், மறுபடி அதையே எழுதுவார்.

விருந்து சைவம் என்பதுதான் முதல் சிக்கல். மகள் ஆறு வருடமாக அசைவத்தைத் தொடுவதில்லை. தன் கல்யாணத்தில் கறி வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மாப்பிள்ளையும் சரி என்றுவிட்டான். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் நன்றாகக் கறி தின்கிறவர்கள். சம்பந்தியம்மா மறுப்புச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்: “எங்க ஆளுங்க கறி இல்லாத இடத்துல கை நனைக்க யோசிப்பாங்க. அவங்க வாயில விழாத மாதிரி பாத்துக்குங்க, போதும்.”

அந்தப் ‘போதும்’தான் அவரை மறுநாளே சமையல் மாஸ்டரிடம் ஓட வைத்தது.

சமையல் மாஸ்டர் மட்டும் அசரவில்லை. ஆள் குள்ளம், குரல் கனம். கறி தின்கிற நாக்கை மடக்க ஒரே வழி முந்திரிதான் என்றார் அவர். முந்திரியை ஊற வைத்து மைய அரைத்துக் கிரேவியில் விட்டால், காளானைக் கூடக் கறி என்று நினைத்துத் தின்பார்களாம். சூப்பில் வறுத்த முந்திரி, சோற்றில் முந்திரி, இனிப்பில் முந்திரி. அவர் சொல்லச் சொல்ல மெக்கானிக் எழுதிக்கொண்டார். ஒருவழியாகப் பாதி பாரம் இறங்கியது போலிருந்தது.

பட்டியலைக் காட்டி ஒப்புதல் வாங்க மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். சம்பந்தியம்மா படித்துப் பார்த்தாள். ஒரு இடத்தில் அவள் கண் கொஞ்சம் நின்றது போலிருந்தது. பிறகு நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவர் படியிறங்கி வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் தங்கை. கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். ஓயாத வாய் என்பதால் வீட்டில் மைனா என்று கூப்பிடுவார்கள். அன்றைக்கு அந்த வாய் தயங்கியது.

“மாமா, ஒரு விஷயம். கல்யாணத்தன்னைக்கு நீங்க பாசமா எனக்கு ஒரு இனிப்பை எடுத்துக் கையில குடுத்துட்டா, நான் எப்படி மாட்டேன்னு சொல்றது? அதான் முன்னாலேயே சொல்லிடலாம்னு.”

முந்திரி அவளுக்கு ஆகாது. சும்மா அரிப்பு, தடிப்பு என்கிற கதையில்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு உறவுக்காரர் கல்யாணத்தில் தெரியாமல் ஒரு ஸ்பூன் இனிப்பு வாயில் போட்டிருக்கிறாள். தொண்டை வீங்கி மூச்சு அடைத்து, ஆம்புலன்ஸில் கொண்டுபோய்த்தான் உயிரைப் பிடித்தார்கள். அதிலிருந்து கைப்பையில், மூச்சு அடைத்தால் உடனே போட்டுக்கொள்ள, எப்போதும் ஒரு ஊசி இருக்கும். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வீட்டிலிருந்து டப்பாவில் சோறு கொண்டுபோய், மணமகள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தின்றுவிட்டு வந்துவிடுவாள்.

“அம்மா யார்கிட்டயும் சொல்ல விட மாட்டாங்க மாமா. எனக்கு மாப்பிள்ளை பாக்கற நேரம், நோயாளிப் பொண்ணுன்னு பேர் வந்துடும்னு பயம். நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க.”

மெக்கானிக் சத்தியம் செய்து கொடுத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சொந்த அண்ணன் கல்யாணத்தில் ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு தின்பதை அவர் மனம் ஏற்கவில்லை. “நீ டப்பா கொண்டு வராதம்மா. எல்லார்கூடயும் உக்காந்து சாப்பிடு. என் விருந்துல முந்திரி வாசனையே இருக்காது. நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டார்.

 மைனா தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

மறுநாள் காலையிலேயே மாஸ்டரிடம் போய் நின்றார். முந்திரி, பாதாம், பிஸ்தா எதுவும் கூடாது என்றார். ஏன் என்று கேட்டபோது உண்மை நாக்கு நுனி வரை வந்தது. சத்தியம் தடுத்தது. “எனக்கு ஒத்துக்காது மாஸ்டர்” என்று வாயில் வந்ததைச் சொன்னார்.

மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒருத்தருக்கு ஒத்துக்கொள்ளாததற்கு நானூறு பேர் என்ன பாவம் செய்தார்கள் என்று முனகினார். ஆனாலும் தொழில்காரர் அல்லவா, வெள்ளரி விதையும் தேங்காய்ப் பாலும் பாலாடையும் சேர்த்து ஒரு கிரேவி வைத்துக் காட்டினார். ருசி பிரமாதம் என்று சொல்ல முடியாது. மோசம் என்றும் சொல்ல முடியாது. மெக்கானிக் மூன்று தரம் நக்கிப் பார்த்தார். சம்பந்தி வீட்டு ஆட்கள் இதைத் தின்றுவிட்டு என்ன சொல்வார்களோ என்ற கவலை போகவில்லை. இருந்தாலும் அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வரவேற்பு பகல் விருந்து. பன்னிரண்டு மணிக்கு அவர் மண்டபத்தின் பின்பக்கம் சமையற்கட்டுக்குப் போனார். காலையிலிருந்து அது ஐந்தாவது தரம். அதற்கு முன்னால் மணமேடை வேலை என்று இழுத்துவிட்டதில் ஒன்றரை மணி நேரம் அந்தப் பக்கம் வர முடியவில்லை.

மாஸ்டர் வாயெல்லாம் பல்லாக நின்றார். அண்டாவில் வெள்ளைக் கிரேவி மினுமினுத்தது.

“கவலைய விடுங்க சார். வீட்டம்மா வந்து சொல்லிட்டாங்க. அஞ்சு கிலோ முந்திரியும் அவங்களே குடுத்துட்டாங்க. இப்பதான் கிரேவி கிரேவியா இருக்கு. உங்களுக்கு மட்டும் முந்திரி போடாம தனியா எடுத்து வச்சிருக்கேன்.”

 நடந்தது என்னவென்று அவருக்குப் பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. முந்தின நாள் சாமான் பார்க்க வந்த மனைவியிடம் மாஸ்டர் பேச்சுவாக்கில், சாருக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாதாமே என்று விசாரித்திருக்கிறார். டப்பா டப்பாவாக முந்திரியைக் காலி செய்கிற மனிதரோடு இருபத்தேழு வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள். மகள் கல்யாணத்திலும் இந்த மனிதர் காசுக்குப் பார்த்துக் கையைச் சுருக்குகிறாரே என்று அவளுக்கு அவமானமாகிவிட்டது. கேட்டால் சண்டை வரும், கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று அவர் மணமேடையில் இருந்த நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் முந்திரியை வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

“அந்தத் தனிப் பாத்திரம்... அதே கரண்டிதானா?” என்று கேட்டார்.

“கரண்டி ஒண்ணுதான் சார். எண்ணெயும் முந்திரி வறுத்த எண்ணெய்தான். அதனால என்ன?”

 “எதுவும் வெளியே போயிடுச்சா?” என்று அவர் கேட்டார்.

முந்திரி அரைத்துவிட்ட சூப் முதல் மேஜைகளுக்குப் போய்விட்டது என்றார் மாஸ்டர்.

மெக்கானிக் ஓடினார். வேட்டி தடுக்கியது. எதிரே தட்டுகளோடு வந்தவர் மேல் இடித்தார். கை குலுக்க வந்த யாரையோ தள்ளிவிட்டுப் போனார். கூடத்தில் முந்நூறு தலைகள், எல்லாம் ஒரே மாதிரிப் பட்டும் பூவும். மைனா என்ன நிறம் உடுத்தியிருந்தாள்? காலையில் பார்த்தாரே, நினைவுக்கு வந்து தொலையவில்லை. ஜன்னலோரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளேதான். தோழிகளோடு உட்கார்ந்து, கதை சொல்லிக்கொண்டே ஸ்பூனைச் சூப்பில் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் மேலே வந்தது.

அவர் கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். சூடு சுட்டது. எடுக்கவில்லை.

“வேண்டாம்மா.”

மேஜையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் தங்கையைச் சாப்பிடவிடாமல் தடுக்கிறார் என்றுதானே பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்? பக்கத்து மேஜையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா எழுந்து வந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவியும் வந்தாள். “என்னங்க இது?” என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.   சத்தியம் செய்து கொடுத்தவர் மைனாவின் முகத்தைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஸ்பூனை மெல்லக் கீழே வைத்தாள்.

“ஒரு சொட்டும் வாயில படல மாமா” என்றாள் முதலில். பிறகு எழுந்து நின்று, மேஜையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “எனக்கு முந்திரி ஆகாது. சாப்பிட்டா மூச்சு நின்னுடும். மாமாவுக்கு நான்தான் சொன்னேன். வேற யாருக்கும் தெரியாது.”

சம்பந்தியம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மகளைத் திட்டுவாள் என்றுதான் மெக்கானிக் பயந்தார். அவள் மகளின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, உதட்டையும் நாக்கையும் பார்த்தாள். கைப்பையைத் திறந்து ஊசி இருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

மெக்கானிக்கின் மனைவி வெளிறிப்போய் நின்றாள். தான் வாங்கிக் கொடுத்த முந்திரி என்று அவளுக்குப் புரிய அரை நிமிடம் ஆனது.

“எங்கிட்டகூடவா சொல்லக் கூடாது?” என்று கணவரைக் கேட்டாள். அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். குரலில் கோபமில்லை.  கொடுத்த வாக்கைக் காப்பாற்றப்போய் ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்தான் இந்தக் கிண்ணம் வரைக்கும் வந்து நின்றது.

“தப்பு என்னோடது” என்றாள் சம்பந்தியம்மா சட்டென்று. “அந்த லிஸ்ட்ட என் கையில குடுத்தீங்க. நான்தான் வாயத் திறக்கல.”

அதற்கு மேல் யாரும் தப்பைப் பங்கு போடவில்லை. மைனா இனி எதைத் தின்பது என்பதுதான் கேள்வி. அவர் பேச்சை நம்பி அவள் டப்பா கொண்டு வரவில்லை. மனைவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சமையற்கட்டுக்கு நடந்தாள். பரிசாக வந்திருந்த பாத்திரங்களில் பிரிக்காத ஒன்றைப் பிரித்து, சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினாள். புது எண்ணெய்ப் பொட்டலம், புதுக் கரண்டி. மாஸ்டரை அந்த அடுப்புப் பக்கமே வரவிடவில்லை. மாஸ்டர் முகம் சுண்டிப்போய், “முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் சார்...” என்று மெக்கானிக்கிடம் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். சம்பந்தியம்மா வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டுச் சேலையோடு முக்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவினாள். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. உப்பு எவ்வளவு, காரம் தின்பாளா என்பதோடு சரி.

வெளியே விருந்து தன் பாட்டுக்கு நடந்தது. சம்பந்தி வீட்டு ஆட்கள் கிரேவியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, இவ்வளவு நாள் கறிக்கடையில் நின்ற நேரமெல்லாம் வீண் என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தார். இரண்டு மாதமாக எந்தப் பாராட்டுக்காக மெக்கானிக் தூக்கம் கெட்டாரோ, அது காதில் விழுந்தபோது அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

ஒரு மணிக்கு மைனாவின் தட்டு வந்தது. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல். மணமகள் அறையில் வைக்கட்டுமா என்று யாரோ கேட்டார்கள். “இங்கயே வைங்க” என்றாள் சம்பந்தியம்மா. ஜன்னலோர மேஜையைத் துடைத்து, சூப் கிண்ணங்களையெல்லாம் அப்புறப்படுத்தி, தட்டை மகள் முன்னால் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அந்த வழியாகப் போன ஒரு உறவுக்காரப் பெண், தட்டில் ஏன் வேறு சாப்பாடு என்று கேட்டாள். சம்பந்தியம்மா தட்டை மகள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

“அவளுக்கு முந்திரி ஆகாது” என்றாள்.

அந்தப் பெண், அப்படியா, ஜாக்கிரதையாக இருக்கச் சொல் என்று சொல்லிவிட்டுத் தன் பிள்ளையைத் தேடிப் போய்விட்டாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

மெக்கானிக் தூணோரம் நின்று ஒவ்வொரு வாயையும் எண்ணினார். கடிகாரத்தைப் பார்த்தார், அவள் கழுத்தைப் பார்த்தார். பத்து நிமிடம். இருபது நிமிடம். அவள் நன்றாகத்தான் மூச்சு விட்டாள், நன்றாகத்தான் பேசினாள், தோழிகளைப் பேசவே விடவில்லை.

“இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு இருக்கா?” என்று அவள் தலையைத் தூக்கிக் கேட்டாள். இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

மைனா தூண் பக்கம் திரும்பினாள். “உக்காருங்க மாமா” என்று எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். “நீங்க நின்னு பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு எப்படி இறங்கும்?”

அவர் உட்கார்ந்தார். அப்போதுதான் உள்ளங்கை எரிவது தெரிந்தது.