பழனிமுத்து துவைத்த சாரம்

"ஒரு நாளைக்கு இருபது பேருக்கு இதத்தான் பார்க்கிறேன். முன்ன பின்ன தெரியாதவங்க எல்லாம் காட்டுறாங்க. எங்க அப்பா ஏழு மாசமா எனக்கு மறைச்சிருக்காரு."

விதுஷாவின் சத்தம் இரத்தோட்டை பஸ் நிலையம் வரைக்கும் கேட்டிருக்கும். நான் மதில் ஓரத்தில், கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். துணி காயவில்லை என்பது வேறு விஷயம்.

"மெதுவாப் பேசு, பக்கத்துல இருக்காங்க" என்றாள் அவளுடைய அம்மா வேலம்மா. பக்கத்தில் என்றால் என்னைத்தான்.

"உன்கிட்ட எப்படிம்மா காட்டுறது? நீ பொம்பளப் புள்ள" என்றார் பழனிமுத்து.

"நான் டாக்டர்ப்பா."



எங்கள் தெருவின் முதல் டாக்டர் விதுஷா. கண்டியில் சத்திரசிகிச்சைக்குப் படித்து, பெரிய பரீட்சையும் முடித்து, பெருங்குடலுக்கும் மலக்குடலுக்கும் என்று தனிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது பிள்ளை. அதன் கடைசி வருஷம் இங்கிலாந்தில். டிக்கெட் கூடப் போட்டாகிவிட்டது. சொல்லிவிட்டுப் போகத்தான் இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சோற்றுக்கு நடுவில் அப்பா மூன்று தடவை எழுந்து பின்னால் போனதைப் பார்த்திருக்கிறாள். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. அப்புறம் தேடியதில் அரிசி டின்னுக்குப் பின்னால் மூலக் கஷாயப் போத்தல்கள் நாலு.

பழனிமுத்துவுக்கு மகளின் படிப்பைச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் தேத்தண்ணிக் கடையில் நாலு பேருக்கு நடுவே மலக்குடல் என்று எப்படிச் சொல்வது? மாத்தளையில் பேங்க் வேலை பார்க்கும் தர்சன் வீட்டில் வேறு அவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் குழந்தை டாக்டர் என்று சொல்லிவைத்தார். அவள் லீவில் வரும்போதெல்லாம் கேட்டில் மூக்கொழுகும் பிள்ளைகளோடு தாய்மார் நிற்பார்கள். அப்பாவின் மானத்துக்காக அவளும் பார்த்து, பாணி மருந்து எழுதிக் கொடுப்பாள். எனக்கு மட்டும் உண்மை தெரியும். அவளுக்கு வந்த கடிதம் ஒன்று தவறி என் வீட்டுக்கு வந்தது. ஒட்டு சரியாக இல்லை. நாலே நாலு பேரிடம்தான் சொன்னேன், அவர்களும் நம்பவில்லை.

யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. தைப்பொங்கலுக்கு முந்தின நாள் காலையில், பழனிமுத்து பின்பக்கப் பைப்படியில் தன் இடுப்புச் சாரத்தைத் தானே துவைத்துக்கொண்டிருந்தார். குடித்த கோப்பையைக்கூடக் கழுவி அறியாத மனுஷன். மதிலுக்கு அடியால் என் பக்கம் ஓடி வந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது.

"பீட்ரூட் கறி கொட்டிருச்சு" என்றார்.

அதற்குப் பிறகு கிழமைக்கு மூன்று தடவை பீட்ரூட் கொட்டியது. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"மூலந்தான் தங்கச்சி. பாப்பாவுக்குச் சொல்லிறாதீங்க. கண்டிக்குக் கூட்டிட்டுப் போய் அவ சார்மார் முன்னாடி படுக்க வச்சிரும்."

வேறு சங்கதியாக இருந்தால் அன்று பின்னேரமே மாத்தளை தாண்டி நாலந்தா வரைக்கும் போயிருக்கும். இதை எந்த வார்த்தையில் தொடங்குவது? ஒரு தடவை விதுஷாவுக்குப் போன் பண்ணினேன். எடுத்தாள். கண்டியில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

திங்கட்கிழமை கண்டிக்குக் கொண்டு போனார்கள். அவளுக்குப் படிப்பித்த சார்தான் குழாய் விட்டுப் பார்த்தார். அவள் கதவுக்கு வெளியே நின்றாளாம். மலக்குடலில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டது. தை மாதம் வந்திருந்தால் வெட்டி இணைத்திருக்கலாம் என்று அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாளாம். இப்போது செய்ய முடிந்தது, வயிற்றில் வழி திறந்து பை ஒட்டுவது மட்டும்.

இங்கிலாந்துப் பயணத்தைத் தள்ளி வைத்தாள். மூன்று மாதம் அவளே பை மாற்றினாள். அவர் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கார்த்திகையில் போய்ச் சேர்ந்தார்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வேலம்மா மதிலோரம் வந்து நின்றாள்.

"உங்க கண்ணுக்குத் தப்பி இந்தத் தெருவுல ஒரு பூனை போகாது. உங்களுக்கு ஒண்ணும் தெரியலயாக்கா?"

"தெரியலயே வேலம்மா."

விதுஷா பைப்படியில் நின்றிருந்தாள். பைப்பை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். மழையா என்று நான் கேட்ட அந்தப் போன் ஞாபகம் வந்ததோ என்னவோ.

அவள் உண்மையில் என்ன டாக்டர் என்று தர்சன் வீட்டாருக்குச் செத்த வீட்டில்தான் தெரிந்தது. அப்புறம் பார்த்தால் ஜாதகம் பொருந்தவில்லையாம். தர்சன் அடுத்த தையில் நாலந்தாப் பக்கத்து டீச்சர் நிரஞ்சனியைக் கட்டிக்கொண்டான். விதுஷா இங்கிலாந்துக்குப் போனாள். பயிற்சி வருஷம் முடிந்து இன்னொன்றும் முடிந்துவிட்டது, திரும்பவில்லை. வேலம்மா தம்புள்ளையில் தம்பி வீட்டோடு போய்விட்டாள். எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

போன கிழமை அடுத்த தெரு ராசம்மா சளி பிடித்த மகனைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக் கேட்டில் நின்றாள். குழந்தை டாக்டர் எப்போது வரும் என்று கேட்டாள்.

அது இனி வராது என்றேன்.