நாலாம் நம்பர் மலைப் பாறை

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மீனம்மாவுக்கு அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தவன் அவள் புருஷனான நான்தான்.

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருந்தோம். இடையில் நீண்ட நாள் வெளிநாட்டில் இருந்திருந்தால் மனு தள்ளுபடியாகிவிடும். நாங்களோ ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் மதுரைப் பக்கம் ஊருக்குப் போய்ப் பதினாலு மாதம் தங்கியிருந்தோம். மூன்று வயது மகள் பவளம் அங்கேதான் காய்ச்சலில் செத்தாள். கண்மாய்க்கரையில் புதைத்தோம். பிள்ளை செத்த இடத்தைச் சொன்னாலே குட்டு வெளிப்பட்டுவிடும் என்றார் மனு எழுதிக்கொடுத்த மரியநாயகம்.

ஆகவே பவளத்தை எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே சாகவைத்தேன். நாலாம் நம்பர் மலையில், பெரிய பாறைக்குப் பக்கத்தில் புதைத்ததாகக் கதை கட்டினேன். தினமும் சாயங்காலம் மீனம்மா அடுப்படியில் ரொட்டி சுடும்போது, விசாரணை அதிகாரி மாதிரி நான் கேட்பேன், அவள் பதில் சொல்ல வேண்டும். முதலில் அவளுக்கு வாயே வரவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றிப் பொய் சொல்லச் சொல்றீங்களே என்று அழுதாள். எரிந்து விழுந்தேன். நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று மழையையும் பனிமூட்டத்தையும் நானே சேர்த்தேன். பிள்ளையைக் கம்பளியில் சுற்றினோம் என்றும் சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. ஒருநாள் அவளாகவே சொன்னாள்.

“கம்பளி நனைஞ்சு கனத்துப்போச்சுங்க. கையே கடுத்துச்சு.”

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பரவாயில்லையே, தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன், மடையன்.

ஐம்பத்தைந்தில் விசாரணை நடந்தது. மீனம்மா சொல்லி அழுததைக் கேட்டு அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அடுத்த தை மாதம், பவளம் செத்த நாளில், அவள் விளக்கும் பூவும் எடுத்துக்கொண்டு பாறைக்குப் புறப்பட்டாள்.

அங்கே ஒன்றுமில்லை, கண்மாய்க்கரையை மறந்துவிட்டாயா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“நீங்க மழையில நின்னு அழுததுகூட எனக்கு ஞாபகமிருக்கு. புள்ளைய மறந்துட்டு எங்கிட்ட பேச வந்துட்டீங்க.”

வருஷா வருஷம் வெறும் மண்ணுக்கு விளக்கு வைத்தாள். நானும் கூடப் போய் நின்றேன். மனசை ஒரு தகரப்பெட்டி என்று நினைத்திருந்தேன், வைத்தது வைத்தபடி இருக்குமென்று. அப்படியில்லை. கேட்கும்போதெல்லாம் அது ரொட்டி மாவு மாதிரி புதிதாகப் பிசைந்துதான் தருகிறது. கையில் ஒட்டியிருப்பதெல்லாம் அதில் சேர்ந்துவிடும்.

நான் ஒருவனாவது உண்மையை வைத்திருக்கிறேன் என்பதுதான் எனக்கிருந்த ஆறுதல்.

அறுபத்தைந்தில் மீனம்மாவின் தம்பி சின்னராசா இந்தியாவுக்குப் புறப்பட்டான். அவன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். நானுஓயா ஸ்டேஷனில், அக்காள் காதில் விழாமல் என்னைத் தனியே கூப்பிட்டான். பவளம் ஊர்க் கண்மாய்க்கரையில் கிடப்பது அவனுக்குத் தெரியும். அன்றைக்குப் புதைத்ததைப் பார்த்தவர்கள் ஊரில் யாரும் உயிரோடு இல்லை என்பதும் தெரியும்.

“எடத்த மட்டும் சொல்லுங்க மச்சான். நான் போயி வெளக்கு வைக்கிறேன்.”

கண்ணை மூடிக்கொண்டு கண்மாய்க்கரையை நினைத்தேன். மரத்தடியா, மதகுப் பக்கமா? மழை பெய்துகொண்டிருந்தது. கையில் நனைந்த கம்பளி கனத்தது. பனிமூட்டத்துக்குள் அந்தப் பாறை தெரிந்தது.

எங்கள் ஊரில் பனிமூட்டமே கிடையாது.

ரயில் புறப்படும்வரை சின்னராசா காத்திருந்தான். பெற்ற தகப்பன் நான், என்னால் சொல்ல முடியவில்லை.