கியெலி

"மறுபடியும் அதையே சொல்றார்," என்று முணுமுணுத்தாள் தூலிக்கி. கணவனின் வாயோரத்தைத் துடைத்த துணி கையிலேயே இருந்தது.

பக்கவாதம் வந்ததிலிருந்து ஊலாவுக்கு ஃபின்னிஷ் வரவில்லை. முப்பது வருடம் அவளோடு பேசிய மொழி துடைத்தாற்போலப் போய்விட்டது. மிஞ்சியது, இனாரி ஏரிக்கரையில் பிறந்து அவன் முதலில் பேசிய, வடக்கத்திப் பழங்குடியான சாமி மக்களின் மொழி மட்டும். தெற்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அவளுக்கு அது தெரியாது.

"கியெலி," என்றான் ஊலா.

அந்த ஒரு சொல் அவளுக்குப் புரிந்தது. ஃபின்னிஷில் கியெலி என்றால் மொழி. மகன் அந்தி தொட்டிலில் கிடந்தபோது, "அவன்கிட்ட உங்க பாஷை பேசாதீங்க, பள்ளிக்கூடத்துல குழம்பிப்போவான்" என்று தடுத்தவள் அவள்தான். ஊலா அன்று மறுத்துப் பேசவில்லை. பிறகும் பேசவில்லை. இப்போது, சாகக் கிடக்கும்போது, கேட்கிறான்.

ஊலாவின் அக்கா மார்கித் தொப்பியிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டே ஆஸ்பத்திரி அறைக்குள் வந்தாள். தூலிக்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவர் என்னை மன்னிக்கவே இல்ல. மொழி, மொழின்னே சொல்லிட்டிருக்கார்."

மார்கித் தம்பியின் முகத்தருகே குனிந்தாள். அவன் இன்னொரு தடவை சொன்னான். அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப்பார்த்தாள்.

"மொழியாம் மொழி! உதட்டைப் பாருடி, எப்படிக் குவிக்கிறான். எங்க பாஷைல அது மீன். உன் புருஷனுக்கு மீன் வேணுமாம்!"

"மீனா?"

"விடிஞ்சா பொழுதானா கஞ்சியையே ஊட்டினா வேற என்ன கேப்பான்?"

தூலிக்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். "ரெண்டும் ஒரே குடும்பத்து மொழின்னு சொல்றாங்களே..."

"நீயும் நானும்கூட ஒரே குடும்பந்தான். என்னைக்காவது ஒத்துப்போயிருக்கோமா?"

"அப்ப அந்திக்குச் சொல்லிக் கொடுக்க விடலைன்னு அவருக்கு மனசுல ஒண்ணும் இல்லையா?"

"யாரு சொல்லிக் கொடுக்கல? படகுல ஏறிட்டா அப்பனும் மகனும் எங்க பாஷைதான். மீனு, காத்து, நெருப்பு, கை, காலு, எல்லாம் உன் பிள்ளைக்கு அத்துப்படி. கரைக்கு வந்ததும் உனக்குப் பயந்து வாயை மூடிக்குவாங்க."

தூலிக்கி கணவனைப் பார்த்தாள். "திருட்டு மனுஷா," என்று அவன் காதருகே சொன்னாள்.

உறைந்த ஏரியின் பனிக்கட்டிக்கு அடியில் போட்டிருந்த வலையில் காலையில் மாட்டிய வெண்மீன் மார்கித்தின் வீட்டில் இருந்தது. உப்பு மட்டும் போட்டு வேகவைத்து, பானையோடு கொண்டுவந்தாள். சாறு மட்டும் கொடுக்கலாம் என்றாள் நர்ஸ். தூலிக்கி கரண்டி நுனியால் ஊட்டினாள். ஊலா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. பிற்பகலில் மூச்சு மெல்ல மெல்லத் தூரமாகி, நின்றது.

உயிர் வெளியே போகட்டும் என்று நர்ஸ் ஜன்னலைச் சற்றே திறந்துவைத்துவிட்டுப் போனாள். மகன் அந்தி வரும் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. மார்கித் பானையைத் தாழ்வாரத்து மேசைக்குக் கொண்டுவந்து இரண்டு கிண்ணங்களில் ஊற்றினாள்.

தூலிக்கி சாப்பிட்டாள். முள்ளையெல்லாம் கிண்ணத்தின் ஓரத்தில் ஒதுக்கினாள். பிறகு, இன்னும் கொஞ்சம் என்று கிண்ணத்தை மார்கித்திடம் நீட்டினாள்.